எக்ஸிடரா, செயின்ட் ஆண்ட்ரூஸா, பக்கத்து ஹைஸ்கூலா? சிறிய எபிஸ்கோபல் விடுதிப் பள்ளி யாருக்குப் பொருந்தும்

அக்டோபர் பிறந்தால் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களிலிருந்து இந்தக் கேள்வி வரத் தொடங்கும். பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும். யாரோ ஓர் ஆசிரியர் "போர்டிங் ஸ்கூலுக்கு முயற்சி செய்யலாமே" என்று சொல்லியிருப்பார். பட்டியல் போட்டால் எக்ஸிடர், ஆண்டோவர் என்று எல்லோரும் அறிந்த பெயர்களுக்கு நடுவே செயின்ட் என்று தொடங்கும், கேள்விப்படாத பெயர் ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். முன்னூறு பேர் படிக்கும் பள்ளி. எபிஸ்கோபல் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த சர்ச் பள்ளி. "இதை எப்படி எடுத்துக்கொள்வது?"

இந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜனவரி நடுவில் விண்ணப்பம் முடிந்துவிடும். மார்ச் 10 அன்று முடிவு வரும், ஏப்ரல் 10-க்குள் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதத்தில் உட்கார்ந்து யோசித்தால் பெயரின் பளபளப்புதான் ஜெயிக்கும். அதனால் அளவுகோல்களை முன்பே எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

எதை வைத்து அளப்பது

என் முதல் அளவுகோல் மாலை நாலு மணி முதல் இரவு பத்து மணி வரை. வகுப்பில் நடப்பது நல்ல பள்ளிகளுக்குள் பெரிதாக வேறுபடாது. பிள்ளை யாருடன் சாப்பிடுகிறது, யார் பார்வையில் படிக்கிறது, அழுதால் யார் கதவைத் தட்டுகிறது என்பதில்தான் பள்ளிக்குப் பள்ளி மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். விடுதிப் பள்ளிக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இந்த ஆறு மணி நேரத்துக்குத்தான்.

அடுத்தது வழிபாடு: கட்டாயமா, எத்தனை நாள், நம் வீட்டு நம்பிக்கையோடு எப்படிப் பொருந்தும். அப்புறம் பாடங்களின் வகை, நாலு வருடத்துக்கான முழுச் செலவு, பாதுகாப்பு. குடும்பம் இருக்கும் இடத்தையும் விசாவையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

எந்தக் கல்லூரியில் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பள்ளிகள் காட்டும் அந்தப் பட்டியலில் விளையாட்டுக்காக எடுக்கப்பட்டவர்களும், அப்பா அம்மா படித்த கல்லூரிக்கே போனவர்களும் கலந்திருப்பார்கள். உங்கள் பிள்ளையைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

ஒரே பார்வையில்

| | சிறிய எபிஸ்கோபல் விடுதிப் பள்ளி | பெரிய விடுதிப் பள்ளி | நகரத்து எபிஸ்கோபல் பள்ளி, வீட்டிலிருந்து | அரசு ஹைஸ்கூல் |
|---|---|---|---|---|
| உதாரணம் | செயின்ட் ஆண்ட்ரூஸ் (டெலவர்), கிராட்டன் (மாசசூசெட்ஸ்), செயின்ட் ஜேம்ஸ் (மேரிலாண்ட்) | பிலிப்ஸ் எக்ஸிடர், பிலிப்ஸ் ஆண்டோவர் | ஆரிகன் எபிஸ்கோபல் (போர்ட்லண்ட்), செயின்ட் ஸ்டீபன்ஸ் (ஆஸ்டின்) | உங்கள் வட்டாரப் பள்ளி |
| மாணவர்கள் | சுமார் 200 முதல் 400 | சுமார் 1,100 | பல நூறு. பெரும்பாலோர் வீட்டிலிருந்து வருபவர்கள் | பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேல் |
| வழிபாடு | கட்டாயம் | கட்டாயம் இல்லை | கட்டாயம், ஆனால் பள்ளி நேரத்தில் | இல்லை |
| மாலை | ஆசிரியர்களோடு, மணி அடித்து | பிள்ளையின் பொறுப்பில் அதிகம் | உங்கள் வீடு | உங்கள் வீடு |
| பாட வகை | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் | இடத்தைப் பொறுத்தது |
| ஆண்டுக் கட்டணம் | பெரும்பாலும் 60,000 டாலருக்கு மேல் | அதே அளவு | விடுதிக் கட்டணத்தில் பாதியை ஒட்டி | இல்லை |
| கண்ணில் படாத செலவு | விடுமுறைப் பயணம், ஒப்பந்தம் | அதேதான், கூடவே போட்டியின் அழுத்தம் | கார் ஓட்டும் நேரம் | வட்டாரத்தின் வீட்டு விலை |

சிறிய எபிஸ்கோபல் விடுதிப் பள்ளி

முதலில் சபையைப் பற்றி. எபிஸ்கோபல் சபை என்பது அமெரிக்காவின் ஆங்கிலிக்கன் திருச்சபை. ஊரில் 1947-ல் பல சபைகள் இணைந்து உருவான சி.எஸ்.ஐ.யும் இதுவும் ஆங்கிலிக்கன் குடும்பத்தின் உறுப்பினர்கள்தான். ஆனால் உறவை வைத்து மனநிலையை ஊகித்துவிடக் கூடாது. எபிஸ்கோபல் சபை 1976-ல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்க முடிவு செய்தது. 2015-ல் ஒருபால் திருமணத்தையும் ஏற்றது. இந்துக் குடும்பங்கள் "மதம் மாற்றிவிடுவார்களோ" என்று பயந்துகொண்டு போவார்கள். அங்கே போனதும் அந்தப் பயம் பெரும்பாலும் கரைந்துவிடும். திகைப்பது பல நேரம் கட்டுப்பாடான கிறிஸ்தவக் குடும்பங்கள்தான், "இது நம்ம சர்ச் மாதிரி இல்லையே" என்று.

வழிபாட்டுக்கு எல்லோரும் வரவேண்டும்: இந்து, முஸ்லிம், யூதர், எதிலும் நம்பிக்கை இல்லாதவர், எல்லோரும். நற்கருணை (வழிபாட்டில் கொடுக்கும் அப்பமும் திராட்சை ரசமும்) வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கலாம், அல்லது கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு முன்னே போய் ஆசீர்வாதம் மட்டும் வாங்கிவரலாம். பைபிளும் பாட்டும் மட்டும்தான் நடக்கும் என்றும் இல்லை. கிராட்டனில் கடைசி வருட மாணவர்கள் சாப்பலில் (பள்ளியின் தேவாலயம்) நின்று பள்ளி முழுவதற்கும் முன்னால் பேசுவது வழக்கம். பதினேழு வயதுப் பிள்ளை முன்னூறு பேர் முன்னால் நின்று தன் பாட்டியின் மரணத்தைப் பற்றியோ தன் பயத்தைப் பற்றியோ பேசுகிறது என்றால், அது சும்மா வருவதில்லை. அதற்கு முன் மூன்று வருடம் மற்றவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறது.

செயின்ட் ஆண்ட்ரூஸைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 1929-ல் டூபான்ட் குடும்பத்து ஃபீலிக்ஸ் டூபான்ட் தொடங்கியது. டெலவரில் மிடில்டவுன் ஊரை ஒட்டி, நாக்ஸன்டவுன் குளத்தின் கரையில், சுமார் 2,200 ஏக்கர் நிலம். அந்தக் குளத்தில்தான் துடுப்புப் படகுப் பயிற்சி. சுமார் 320 மாணவர்கள், அத்தனை பேரும் விடுதியில். சாப்பாட்டுக் கூடத்தில் என். சி. வயத் வரைந்த பெரிய சுவரோவியம் இருக்கிறது. இங்கே மூன்றாம் ஃபார்ம் என்றால் ஒன்பதாம் வகுப்பு, ஆறாம் ஃபார்ம் என்றால் பன்னிரண்டு.

எல்லோரும் விடுதியில் என்பது சின்ன விவரம் மாதிரி தோன்றும். ஆனால் இதில்தான் சூட்சுமமே இருக்கிறது. பாதிப் பேர் வீட்டுக்குப் போகும் பள்ளியில் வெள்ளிக்கிழமை மாலை வளாகம் காலியாகும். விடுதியில் இருக்கும் பிள்ளைகள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், தங்களுக்குள் ஒரு தீவாகிவிடுவார்கள். எல்லோரும் தங்கும் பள்ளியில் சனிக்கிழமை இரவும் பள்ளி முழுசாக அங்கேயே இருக்கும்.

மாலை எப்படிப் போகும்? பள்ளிக்குப் பள்ளி நேரம் மாறினாலும் சட்டகம் ஏறத்தாழ இதுதான். மூன்றரை மணி வாக்கில் விளையாட்டு. திறமை இருக்கிறதோ இல்லையோ, ஏதாவது ஓர் அணியிலோ நாடகத்திலோ இருந்தாக வேண்டும். வாரத்தில் சில நாட்கள் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் இரவு உணவு. மேசையில் யார் யாரோடு என்பதைப் பள்ளியே முடிவு செய்யும், ஒவ்வொரு மேசைக்கும் ஓர் ஆசிரியர் இருப்பார், பரிமாறுவது மாணவர்கள் முறை. எட்டு மணி சுமாருக்கு ஸ்டடி ஹால், இரண்டு மணி நேரம். அப்புறம் விடுதியில் ஆஜர் எடுப்பது. கணக்கு வாத்தியார் குடும்பத்தோடு அதே விடுதியின் ஒரு முனையில் குடியிருப்பார். அவருடைய மூன்று வயதுக் குழந்தை மேசைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு ஹாஸ்டல் என்றால் வார்டன், பூட்டிய கேட், நாமக்கல் பக்கத்துக் கோச்சிங் விடுதி என்று மனதில் ஒரு படம் இருக்கிறதல்லவா, அதை இங்கே எடுத்துப் போகவே கூடாது.

இதன் மறுபக்கம், ஒளிந்துகொள்ள இடமே இல்லை. 320 பேர் என்றால் ஒரு வகுப்புக்கு 80 பேர், அதில் பெண்கள் நாற்பது பேர். ஒன்பதாம் வகுப்பு அக்டோபரில் உயிர்த்தோழியோடு சண்டை வந்தால், மே மாதம் வரை ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அவளைப் பார்த்தாக வேண்டும். வேறு கூட்டம் தேடிப் போக வழியில்லை. சில பிள்ளைகள் இதில்தான் மனிதர்களோடு சமாதானமாகப் போகக் கற்றுக்கொள்கிறார்கள். சிலருக்கு மூச்சு முட்டுகிறது. உங்கள் பிள்ளை எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், அட்மிஷன் அலுவலகத்துக்குத் தெரியாது.

பாடத்திலும் சின்னப் பள்ளிக்கு எல்லை உண்டு. ஒரு மொழியை இரண்டு பேர்தான் கேட்கிறார்கள் என்றால் வகுப்பு நடக்காது. கால்குலஸை பத்தாம் வகுப்பிலேயே முடித்துவிடும் பிள்ளைக்கு அடுத்த இரண்டு வருடம் என்ன இருக்கிறது என்று பெயர் பெயராகக் கேளுங்கள். ஏ.பி. (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) என்ற பெயரில் பாடமே வைக்காத பள்ளிகளும் உண்டு. அது குறையல்ல, ஆனால் தெரிந்துகொண்டு சேரவேண்டும். சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளை என்றால் மதிய பஃபேயில் சமாளித்துவிடும். எல்லோருக்கும் ஒரே பாத்திரத்தில் வரும் இரவு உணவுதான் சிக்கல். பள்ளியைப் பார்க்கப் போகிற நாளில் அந்த இரவு உணவுக்கே இருந்துவிட்டு வாருங்கள்.

இனி பணம். பட்டியலில் இருக்கும் கட்டணம் 70,000 டாலர் என்று வைத்தால் நாலு வருடத்துக்கு 2,80,000. அதற்கு மேல் மருத்துவக் காப்பீடு, சலவை, புத்தகங்கள், தனி இசை வகுப்பு, கோடையில் பெட்டிகளை வைக்கும் கிடங்கு. நவம்பர் தேங்க்ஸ்கிவிங், கிறிஸ்துமஸ், மார்ச் விடுமுறை, இந்த மூன்றுக்கும் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளையின் பெற்றோர் கலிபோர்னியாவிலோ கோவையிலோ இருந்தால் ஒவ்வொரு தடவையும் விமான டிக்கெட், அல்லது போய்த் தங்க ஒரு வீடு. எல்லோரும் மறக்கும் இன்னொன்று, சேர்க்கை ஒப்பந்தம். குறிப்பிட்ட தேதி தாண்டிவிட்டால், பிள்ளை நவம்பரில் வீட்டுக்குத் திரும்பினாலும் முழு வருடக் கட்டணமும் கட்டவேண்டும் என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். அதற்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள். முதல் வருடமாவது அதை எடுங்கள்.

529 கணக்கிலிருந்து (கல்விச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) பள்ளிக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 10,000 டாலர் வரை எடுக்கலாம் என்று இருந்தது, 2026 முதல் 20,000. இது மத்திய வரிக்கான விதி. உங்கள் மாநிலம் இதை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

டெக்சஸ் குடும்பங்களுக்கு மட்டும் ஒன்று. வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் என்ற சட்டம் (டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகமான யூ.டி. ஆஸ்டினில் அந்த வரம்பு இன்னும் குறுகல்) டெக்சஸில் உள்ள பள்ளியில் முடித்தவர்களுக்குத்தான். பிள்ளை டெலவரில் படித்தால் அந்தச் சலுகை போய்விடும். யூ.டி. ஆஸ்டின்தான் இலக்கு என்றால், விடுதிப் பள்ளிக்கு நீங்கள் கொடுக்கும் விலையில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பூசி மெழுகத் தேவையில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள செயின்ட் பால்ஸ், 1856-ல் தொடங்கிய புகழ்பெற்ற எபிஸ்கோபல் விடுதிப் பள்ளி. மாணவர்கள் மீதான பாலியல் அத்துமீறல்கள் தொடர்பான விசாரணைக்குப் பின், 2018-ல் மாநில அட்டர்னி ஜெனரலோடு உடன்படிக்கை செய்துகொண்டு, வெளியிலிருந்து ஒரு கண்காணிப்பு அதிகாரியை ஏற்றுக்கொண்டது. இது ஒரு சபையின் பிரச்சினை மட்டுமல்ல, விடுதி வாழ்க்கையின் பிரச்சினை. பெரியவர்களும் பிள்ளைகளும் இவ்வளவு நெருக்கமாக வாழும் இடத்தில் அந்த நெருக்கத்துக்கு விதி வேண்டும். "புகார் வந்தால் முதலில் யாரிடம் போகும், பள்ளிக்கு வெளியே யாருக்குச் சொல்வீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் பள்ளியை நான் நம்புவேன். "எங்கள் பள்ளியில் அப்படியெல்லாம் நடக்காது" என்பவர்களை நம்ப மாட்டேன்.

பெரிய விடுதிப் பள்ளி

ஆண்டோவர் 1778, எக்ஸிடர் 1781. ஒவ்வொன்றிலும் சுமார் 1,100 பேர். எக்ஸிடரில் எட்வர்ட் ஹார்க்னஸ் 1930-ல் கொடுத்த நன்கொடையில் தொடங்கியது நீள்வட்ட மேசை முறை: ஒரு மேசையைச் சுற்றி பன்னிரண்டு பேர், ஆசிரியர் பிரசங்கம் செய்யாமல் மாணவர்களே பேசிப் படிப்பது. கல்லூரியின் இரண்டாம் வருடக் கணக்கு, அரிய மொழிகள், தொலைநோக்கி, இசை அரங்கு என்று என்ன கேட்டாலும் இருக்கும். நிதி உதவிக்கான வசதியும் மிக அதிகம்.

வாய் திறந்து பேசும் பிள்ளைக்கு இது சொர்க்கம். அமைதியான, ஆனால் ஒரு துறையில் பித்துப் பிடித்த பிள்ளைக்கும் சரிவரும். தன்னைப் போன்ற பத்துப் பேரை ஆயிரம் பேருக்குள் தேடிப் பிடித்துவிடும். ஆனால் மாலை நேரத்தைத் தானே பிரித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். ஊரில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை இங்கே நடுவில் நிற்கும். அதைத் தாங்குவது பிள்ளைக்குக் கஷ்டமா பெற்றோருக்கா என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

நகரத்து எபிஸ்கோபல் பள்ளி, வீட்டிலிருந்து

பலர் யோசித்தே பார்க்காத வழி. போர்ட்லண்டில் 1869-ல் தொடங்கிய ஆரிகன் எபிஸ்கோபல், ஆஸ்டினில் 1950-ல் தொடங்கிய செயின்ட் ஸ்டீபன்ஸ் போன்றவற்றில் விடுதியும் உண்டு, வீட்டிலிருந்து வருபவர்களும் உண்டு. சாப்பல், சின்ன வகுப்புகள், பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியர்கள் எல்லாம் கிடைக்கும். இரவு ரசம் சாதமும் கிடைக்கும். பாட்டு வகுப்பும் பரதமும் தமிழ்ப் பள்ளியும் தொடரும். விடுதிப் பள்ளியில் இந்த மூன்றும் ஏறத்தாழ முடிந்துவிடும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இழப்பது, மேலே சொன்ன அந்த ஆறு மணி நேரம். விளையாட்டு முடிந்து ஆறரை மணிக்குப் பிள்ளையை அழைத்துவர யாராவது நாலு வருடம் கார் ஓட்டவேண்டும்.

அரசு ஹைஸ்கூல்

எடிசன், கூப்பர்டினோ, ஃபிரிஸ்கோ போன்ற இடங்களில் இருக்கிறீர்கள் என்றால், வீட்டு விலையிலும் சொத்து வரியிலும் பள்ளிக் கட்டணத்தை ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். ஏ.பி. பாடங்களுக்குக் குறைவில்லை. மிச்சமாகும் 2,80,000 டாலர் கல்லூரிக்கு அப்படியே இருக்கும். வீட்டில் நிம்மதியாக இருக்கும், நண்பர்கள் உள்ள, படிப்பில் சலிப்பில்லாத பிள்ளையை இங்கிருந்து கிளப்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் அனுப்ப நினைப்பவர்களுக்கு இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான். அந்த விசாவில் அரசு ஹைஸ்கூலில் அதிகபட்சம் 12 மாதம்தான் படிக்கலாம், அதற்கும் முழுச் செலவைக் கட்டவேண்டும். தனியார் பள்ளிக்கு அந்த வரம்பு இல்லை.

யாருக்கு எது

வீட்டில் ஒரே பிள்ளை, இரண்டு பெற்றோரும் இரவு எட்டு மணிக்கு வருகிறார்கள், பிள்ளை மாலை முழுக்கத் திரையோடு தனியாக இருக்கிறது என்றால் சிறிய எபிஸ்கோபல் பள்ளிதான் என் முதல் யோசனை. வேறு எந்த வழியும் அந்த வெற்றிடத்தை இப்படி நிரப்பாது. எதிலும் நடுத்தரமாக இருந்து, பெரிய கூட்டத்தில் காணாமல் போகும் பிள்ளைக்கும் இதுவே. 80 பேர் வகுப்பில் அணிக்கும் நாடகத்துக்கும் பாட்டுக்குழுவுக்கும் ஆள் தேவை, அதனால் எல்லோரையும் இழுத்துவிடுவார்கள். கணிதத்திலோ கணினியிலோ எல்லை தாண்டி ஓடும் பிள்ளைக்குப் பெரிய பள்ளி. வழிபாட்டில் உட்காருவதே பிள்ளையின் மனதுக்கு ஒவ்வவில்லை என்றால் சின்ன எபிஸ்கோபல் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், "போகப் போகப் பழகிவிடும்" என்று தள்ளாதீர்கள். பிள்ளை வீட்டில் அடம்பிடிக்கிறது, திருத்தட்டும் என்று அனுப்புவதானால் இரண்டு விடுதிப் பள்ளியுமே வேண்டாம்.

சின்னப் பள்ளிகளுக்குள்ளும் பேதம் பார்க்கவேண்டும். கிராட்டன், செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்றவற்றுக்குப் பின்னால் பெரிய அறக்கட்டளை நிதி இருக்கிறது. அந்த நிதி இல்லாத பள்ளி கட்டணத்தை மட்டும் நம்பி ஓடும். அங்கே ஒரு வருடம் சேர்க்கை குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது பாடங்களும் ஆசிரியர்களும்தான்.

நிதி உதவி கேட்பதாக இருந்தால் விண்ணப்பத்தோடு சேர்த்தே கேளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. படிவத்தில் ஊரில் உள்ள வீட்டையும் நிலத்தையும் காட்டவேண்டியிருக்கும், அதற்கான மதிப்பைப் பொங்கலுக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் 10 கடிதத்தில் வந்த தொகை போதவில்லை என்றால், ஏப்ரல் 10 வரும்வரை காத்திருக்காமல் உதவி அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வேறு பள்ளி கொடுத்த தொகையையும் குறிப்பிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. தொகை கூடினாலும் கூடாவிட்டாலும், உதவியை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கணக்கிடுவார்களா, கட்டணம் உயர்ந்தால் உதவியும் உயருமா என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.